கணினியில் சொருகினால் மட்டும் வேலை செய்யும் போர்டு

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை வசதியோடு வரும் ஒரு சிறு கணினிச் சிப் பொருத்திய பலகை), வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் ஒரு சென்சார். பக்கவாட்டில் சூடான ஆணியால் நான் போட்ட ஓட்டை வழியாக ஒரு யூ.எஸ்.பி. கேபிள் வெளியே வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்து வைஃபை வழியாக அனுப்ப வேண்டும். அந்த டப்பாவுக்கு வேறு கடமை எதுவும் கிடையாது.

நாள் கணக்கில் ஒழுங்காக அனுப்பும். மின்சாரம் ஒரு முறை போய் வந்தால் போதும், வாயை மூடிக்கொள்ளும். ஸ்டூலைப் போட்டு ஏறி, மூடியைத் திறந்து, விரல் நகத்தால் ரீசெட் பொத்தானை அழுத்தினால் மூன்றே நொடியில் இணைந்துவிடும். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன். நான் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டுக்குப் போன் செய்து, "அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்வேன். ஆளில்லாமல் தானே இயங்குவதற்காகச் செய்த கருவிக்கு ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தேன். நானோ பிழைப்புக்கே நிரல் எழுதுகிறவள்.

பிழையைப் பிடிக்க முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. நாலைந்து முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். இணைப்பு இல்லாமல் கிடக்கும் போர்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவேன். கணினியில் சொருகுவேன். போர்டு எழுதி அனுப்பும் வரிகளைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறப்பேன். வரிசையாக நான்கு புள்ளிகள் விழும். ஐந்தாவது விழுவதற்குள் "இணைந்தது" என்ற வரியும் ஐ.பி. முகவரியும் வந்துவிடும். பல்வலியோடு போய் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி மறைந்துவிடுமே, அந்த மாதிரி. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தவறும் நடக்காது. திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர், மின்னணுச் சுற்றுகளிலேயே தலை நரைத்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். இன்றும் அவரை நான் "சார்" என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு நாள் வேறு எதற்கோ பேசும்போது இதையும் சொன்னேன்.

"கணினியில் சொருகினால் நன்றாக வேலை செய்கிறது, சார். அலமாரியில் வைத்தால்தான் தகராறு."

"நீ கணினியில் சொருகும்போது எத்தனை விஷயங்களை மாற்றுகிறாய் என்று எண்ணிப் பார்த்தாயா, அம்மா?"

எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன். மின்சாரம் வரும் இடம் மாறுகிறது. கேபிள் மாறுகிறது, ஏனென்றால் மேசையில் இருப்பது ஒரு சாண் நீளக் கேபிள். ரவுட்டருக்கும் போர்டுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. மறுமுனையில், போர்டு பேசுவதைக் கேட்க ஒரு ஆள் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் மாறுகிறது: மின்சாரம் வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் போர்டையே தொடுகிறேன்.

எழுதி முடித்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த வகைப் போர்டுகளில் சீரியல் மானிட்டரைத் திறப்பதே ஒரு ரீசெட். புதிய நிரலை ஏற்றுவதற்கு வசதியாக, யூ.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் சிப்பின் இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளைப் போர்டின் ரீசெட் காலுக்கும் பூட் காலுக்கும் இணைத்திருப்பார்கள் (கால் என்பது வெளியே நீட்டிய இணைப்பு முனை). மானிட்டர் திறக்கும்போது அந்தக் கம்பிகள் அசையும். போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆக, "என்ன நடந்தது" என்று நான் கேட்டபோதெல்லாம் நடந்ததை அழித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். திரையில் நான் பார்த்தது செத்துப்போன தொடக்கத்தை அல்ல, அதற்கு அடுத்ததை.

சரி, அழிக்காமல் எப்படிப் பார்ப்பது? முதலில் பிரச்சினையை என் விருப்பத்துக்கு வரவழைக்க வேண்டும். ரவுட்டரையும் போர்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகினேன். பலகைக்கு ஒரே சுவிட்ச். அணைப்பது, பத்து எண்ணுவது, போடுவது, ஐந்து நிமிடம் காத்திருப்பது, அளவு வந்ததா என்று கைப்பேசியில் பார்ப்பது. தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருபது முறை செய்தேன். இருபதிலும் போர்டு இணையவில்லை. ஒரு வருடமாகக் கண்ணாமூச்சி ஆடிய பிழை இருபதுக்கு இருபது வாங்கியதைப் பார்த்தபோது வந்தது கோபமா மகிழ்ச்சியா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

காரணம் சிரிப்பை வரவழைக்கக்கூடியது. மின்சாரம் வந்த ஒரு நொடிக்குள் இஎஸ்பி32 என் நிரலை ஓட்டத் தொடங்கிவிடுகிறது. ரவுட்டருக்கோ உள்ளே ஒரு முழு இயக்க முறைமை எழுந்து முகம் கழுவி வர வேண்டும். என்னுடையதற்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆகிறது. இடைப்பட்ட நேரத்தில் என் போர்டு தேடும் பெயரில் எந்த வலையமைப்பும் காற்றில் இல்லை. என் நிரலில் இருந்தது என்ன? அரை நொடிக்கு ஒரு முறை "இணைந்துவிட்டதா" என்று கேள், இருபது முறை கேட்டுப் பார், இல்லையென்றால் விட்டுவிடு. ஆகப் பத்து நொடி. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, தோற்றால் ரேடியோவையே அணைத்துவிடும்படி ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். எப்போது, ஏன் சேர்த்தேன் என்று நினைவில்லை. கையெழுத்து என்னவோ என்னுடையதுதான். பத்தாவது நொடியில் போர்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடும். நூற்றைந்தாவது நொடியில் ரவுட்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைத் திருத்த எல்லோரும் முதலில் சொல்லும் வழி, இணையும்வரை அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது. பெரும்பாலான மாதிரி நிரல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இணைப்பு வராத நேரத்திலும் வெப்பநிலை இருக்கத்தானே செய்கிறது? நெட் இல்லை என்பதற்காக அளப்பதை ஏன் நிறுத்த வேண்டும்? எனவே இரண்டையும் பிரித்தேன். அளப்பது அதன் போக்கில் நடக்கும். அனுப்ப முடியாத அளவுகள் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். ஒரு அளவுக்கு எட்டு பைட் என்றால், ஒரு நாளின் 288 அளவுகளுக்கு 2304 பைட். 520 கிலோபைட் நினைவகம் உள்ள சிப்புக்கு இது ஒரு சுமையே இல்லை. இணைப்பு முயற்சி தனியாக நடக்கும்: ஒரு நொடி கழித்து, இரண்டு நொடி கழித்து, நான்கு, எட்டு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போய் ஒரு நிமிடத்தில் நிற்கும், பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை, சலிக்காமல். கூடவே ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் தற்செயல் நேரத்தைக் கலந்தேன். வீட்டில் ஐந்தாறு போர்டுகள் சேர்ந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே நொடியில் கதவைத் தட்டும். அப்போதுதான் எழுந்த ரவுட்டருக்கு அது தலைவலி.

மறுபடி தரையில் உட்கார்ந்தேன். இருபதுக்குப் பதினேழு முறை இணைந்தது.

அந்த மூன்றை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த மூன்று முறையும் நீல விளக்கு ஒரு விதமாகத் துடித்ததைக் கவனித்திருந்தேன். தொடக்கத்தில் ஒரு முறை மின்னும்படி எழுதியிருந்தேன். அது நொடிக்கு ஒரு முறை மின்னிக்கொண்டே இருந்தது. அதாவது போர்டு திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது.

கணினியைச் சொருகாமல் இதைப் பார்க்க ஒரு கறுப்புப் பெட்டி வேண்டியிருந்தது, விமானத்தில் இருப்பதைப் போல. இஎஸ்பி32இன் ஃப்ளாஷில், மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சிறு பகுதியில், ஒவ்வொரு தொடக்கத்திலும் இரண்டு எண்களை எழுத வைத்தேன்: இது எத்தனையாவது தொடக்கம், எதனால் தொடங்கியது. இரண்டாவதைச் சிப்பே சொல்லும்; அதற்கென்று ஒரு செயற்கூறு இருக்கிறது. 1 என்றால் மின்சாரம் புதிதாக வந்திருக்கிறது. 3 என்றால் நிரலே கேட்டு நடந்த ரீசெட். 4 என்றால் நிரல் நிலைகுலைந்து விழுந்திருக்கிறது. 9 என்றால் மின்னழுத்தம் தாழ்ந்து போயிருக்கிறது. ஃப்ளாஷில் எழுதுவதை ரேடியோவை இயக்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அழுத்தம் தள்ளாடும் நேரத்தில் எழுதுவது நல்லதல்ல. இணைப்பு கிடைத்ததும் சேர்த்துவைத்த எண்களை அனுப்பிவிடும்.

இரண்டு நாள் கழித்து வந்த பட்டியலில் தொடக்க எண் 41இலிருந்து 388க்குத் தாவியிருந்தது. முதலில் ஒரு 1. அதன் பிறகு 9, 9, 9, 9 என்று பக்கம் முழுக்க ஒன்பதுகள். ராத்திரியில் அந்தப் போர்டு எழுந்து நின்று, ரேடியோவைத் தொட்டு, விழுந்து, மறுபடி எழுந்திருக்கிறது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

மல்டிமீட்டரை எடுத்து 3.3 வோல்ட் காலில் வைத்தேன். 3.28 காட்டியது. சாருக்குப் போன் செய்து, "மின்சாரம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

"உன் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவை சராசரி சொல்கிற கருவி, அம்மா. ரேடியோ மில்லிநொடியில் இழுத்துவிட்டுப் போய்விடும். டப்பாவைக் கேபிளோடும் சார்ஜரோடும் தூக்கிக்கொண்டு வா."

அவர் மேசையில் ஒரு பழைய ஆஸிலாஸ்கோப் இருக்கிறது, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. என் கேபிளையும் சார்ஜரையும் அப்படியே வைத்து, 3.3 வோல்ட் காலில் ஊசியை வைத்து, அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பிடி என்று அமைத்தார். ஏழாவது தொடக்கத்தில் பிடித்துக்கொண்டது. பச்சைக் கோடு நேராக வந்து, ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, அடியில் 2.3 அருகே தொட்டு, மேலேறி வந்திருந்தது. கிணற்றின் அகலம் இரண்டு மில்லிநொடிகூட இல்லை. "இதோ, உன் வைஃபை பிரச்சினை" என்றார். அந்தச் சிப்பில் அழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரீசெட் செய்துவிடும் காவல் சுற்று ஒன்று இருக்கிறது. அதுதான் ஒன்பதாக எழுதிக்கொண்டிருந்தது.

பிறகு இருவருமாகக் காகிதத்தில் கணக்குப் போட்டோம். முழு சக்தியில் ஒலிபரப்பும்போது இந்தச் சிப் சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும்; அதைத் தாங்கும் மின்வழங்கி 500 மில்லிஆம்பியராவது தர வேண்டும் என்று தயாரிப்பாளரின் ஆவணமே சொல்கிறது. கணக்குக்கு அரை ஆம்பியர் வைத்துக்கொண்டோம். என் கேபிள் இரண்டு மீட்டர். மலிவான மெல்லிய கேபிள்களின் உள்ளே பெரும்பாலும் 28 கேஜ் செம்புக் கம்பி, மீட்டருக்கு 0.21 ஓம். போகவும் வரவும் நான்கு மீட்டர் என்றால் 0.85 ஓம். அரை ஆம்பியர் பாயும்போது கேபிளிலேயே 0.43 வோல்ட் காணாமல் போகிறது. போர்டில் நுழைந்ததும் ஒரு டயோடு 0.3 சொச்சத்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய 4.2ஐ 3.3 ஆகக் குறைக்க வேண்டிய 1117 வகை ரெகுலேட்டருக்கோ, தலைக்கு மேல் ஒரு வோல்ட்டும் கொஞ்சமும் இடம் வேண்டும். இல்லையென்றால் அதுவும் சேர்ந்து குனிந்துவிடும். சார்ஜர் கனகச்சிதமாக 5 வோல்ட் தந்தால்கூட 3.1தான் மிஞ்சுகிறது. என் சார்ஜர் பழையது, சொருகி தேய்ந்தது. மீதி வேலையை அவை பார்த்துக்கொண்டன.

ஏன் தொடக்கத்தில் மட்டும்? ரேடியோ முதன்முதலாக விழிக்கும்போது தன்னைத்தானே அளந்து சரிசெய்துகொள்கிறது. அப்போதே இழுப்பு அதிகம். உடனே முழு சக்தியில் எல்லாச் சேனல்களிலும் கூவித் தேடுகிறது. மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து அவசரத்துக்குத் தரும் போர்டின் கெப்பாசிட்டர்கள் அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருக்கும். ஒரு முறை இணைந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்ன பாக்கெட், அவ்வளவுதான். அதனால்தான் நாள் கணக்கில் ஓடியிருக்கிறது.

வைத்தியம் சுலபமாக முடிந்தது. தடித்த, அரை மீட்டர் கேபிள். போர்டின் 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. நிரலில் ரேடியோவைத் தொடுவதற்கு முன் அரை நொடி பொறுமை. ரவுட்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது என்பதால் ஒலிபரப்பு சக்தியை 19.5 டிபிஎம்மிலிருந்து 11க்குக் குறைத்தேன். மறுபடி இருபது முறை, இருபதும் இணைந்தன.

இதே சிக்கலுக்கு வேறொரு மருந்தும் புழக்கத்தில் இருக்கிறது: அந்தக் காவல் சுற்றையே ஒரு வரியில் அணைத்துவிடுவது. செய்தால் ரீசெட் நிற்கும், உண்மைதான். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பதுபோல. 2.3 வோல்ட்டில் அந்தச் சிப் என்ன செய்யும், ஃப்ளாஷிலிருந்து எதைப் படிக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ரீசெட் ஆகி நிற்கும் போர்டு எனக்குக் கோபத்தைத் தரும். தப்பான அளவை நம்பிக்கையோடு அனுப்பும் போர்டு பயத்தைத் தரும்.

இத்தனை அமளியில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம், இணைப்பு தோற்றால் "தோற்றது" என்று மட்டும் எழுதுவதை நிறுத்தியது. ஒவ்வொரு துண்டிப்புக்கும் வைஃபை அடுக்கு ஒரு காரண எண்ணைத் தருகிறது. அதை யாரும் கேட்பதில்லை. 201 என்றால் அந்தப் பெயரில் வலையமைப்பே கண்ணில் படவில்லை: ரவுட்டர் இன்னும் எழவில்லை, அல்லது பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அது 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிக்கிறது. இஎஸ்பி32க்கு 2.4 மட்டும்தான் கேட்கும். கைப்பேசிக்கு இரண்டும் கேட்பதால், "என் போனில் வருகிறதே" என்ற சாட்சி இங்கே செல்லாது. 15 என்றால் வலையமைப்பு கிடைத்தது, கைகுலுக்கலில் தகராறு. பெரும்பாலும் கடவுச்சொல் தப்பு. இந்த இரண்டு எண்கள் மட்டும் முதல் நாளே என் கையில் இருந்திருந்தால் பாதி வருடம் மிச்சமாகியிருக்கும், ஏனென்றால் என்னுடையது அப்பட்டமான 201. நான் கடவுச்சொல்லை மூன்று தடவை மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஒரே பெயரில் இரண்டு அணுகல் புள்ளிகள் இருந்தால் இன்னொரு கூத்தும் உண்டு. வேகம் கருதி, தேடும்போது அந்தப் பெயரில் முதலில் எது தென்படுகிறதோ அதிலேயே ஏறிக்கொள்வதுதான் இயல்பான அமைப்பு. எது வலுவானது என்று பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் சிக்னல் வலு −52இல் ஒன்று இருக்க (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடுதல்), என் போர்டு மாடியில் −84இல் இருக்கும் இன்னொன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். எல்லாச் சேனல்களையும் பார்த்துவிட்டு வலுவானதைத் தேர்ந்தெடு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு நொடி கூடுதலாகும். போகட்டும்.

இஎஸ்பி32இலேயே வேறு சில கண்ணிகளும் தொடக்க நேரத்தில்தான் காலை வாரும். 12ஆம் கால், தொடங்கும் கணத்தில் மேல்நிலையில் இருந்தால், சிப் தன் ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொள்ளும், 3.3 வோல்ட் ஃப்ளாஷ் உள்ள போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அந்தக் காலில் ஒரு சென்சாரைக் கட்டிவிட்டு வைஃபையைக் குறை சொல்வது வழக்கம். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டாவது அனலாக் அளவியின் கால்கள் வைஃபை இயங்கும்போது அளவெடுக்க உதவாது. ஆகவே, வைஃபை இல்லாமல் சோதித்து நன்றாக வந்த அளவுகள், வைஃபையைச் சேர்த்ததும் காணாமல் போகும். இவை இரண்டும் ஆவணத்திலேயே இருக்கின்றன. ஆவணத்தை நாம் எப்போது படிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முந்தைய தலைமுறை இஎஸ்பி8266ஐ இன்னும் வைத்திருப்பவர்கள், தொடக்கத்தில் திரையில் கொட்டும் குப்பை எழுத்துகளைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். அது குப்பை அல்ல. சிப்பின் உள்ளேயே எரித்துவைத்த நிரல், தன் கடிகாரம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணிக்கொண்டு 115200 வேகத்தில் பேசுகிறது. போர்டில் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகமோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 74880. மானிட்டரை அந்த வேகத்தில் வைத்தால் ரீசெட்டின் காரணம் உட்பட எல்லாம் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். இந்த விசித்திர எண்ணின் பின்னணி இவ்வளவு சாதாரணமானது என்று தெரிந்த நாளில் எனக்குச் சின்னதாக ஒரு ஏமாற்றம்கூட வந்தது.

அலமாரி டப்பா அடங்கியதும் தைரியம் வந்து, இரண்டாவதாக ஒன்று செய்தேன். இந்த முறை யூ.எஸ்.பி. வசதி முதன்மைச் சிப்பிலேயே இருக்கும் போர்டு. நல்ல கேபிள், நல்ல சார்ஜர், அதே நிரல். மேசையில் அருமையாக ஓடியது. சார்ஜருக்கு மாற்றினேன். விளக்குகூட மின்னவில்லை. மறுபடி மேசையில் சொருகினால் ஓடுகிறது.

இந்த முறை பயம் வரவில்லை. நான்தான் ஏற்கெனவே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேனே. நேரம், கேபிள், மின்சாரம், தூரம் எல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று: மறுமுனையில் கேட்பதற்கு ஒரு ஆள். நிரலின் முதல் வரிகளைப் பார்த்தேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மாதிரி நிரலில், "சீரியல் தயாராகும்வரை காத்திரு" என்று ஒரு வரி. தனி மாற்றிச் சிப் உள்ள பழைய போர்டில் சீரியல் எப்போதும் தயார்தான். அந்த வரி இருப்பதே தெரியாது. யூ.எஸ்.பி. உள்ளேயே இருக்கும் போர்டில் "தயார்" என்றால் கணினியில் யாரோ மானிட்டரைத் திறந்துவிட்டார்கள் என்று பொருள். சார்ஜருக்கு மானிட்டர் கிடையாது. போர்டு பேச்சுத்துணைக்கு ஆள் வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. வைஃபை வரிக்கு அது வந்து சேரவே இல்லை. அந்தக் காத்திருப்புக்கு மூன்று நொடி வரம்பு போட்டேன், முடிந்தது. சாரிடம் சொன்னபோது, "பட்டியலைத் தூக்கி எறிந்துவிடாதே" என்றார்.

அடுத்து வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பும் வழியை மறைகுறியாக்கப்பட்ட இணைப்புக்கு மாற்றியிருந்தேன், சேவையகம் தன் அடையாளத்துக்குக் காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கும்படி. வைஃபை இணைகிறது, ஐ.பி. முகவரி வருகிறது, சேவையகத்தோடு பேசும்போது மட்டும் மறுப்பு. அதுவும் மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும். ரீசெட் பொத்தானை அழுத்தினால், ஆமாம், அதே பொத்தான், சில சமயம் சரியாகிவிடுகிறது.

பிழைச் செய்தியோடு போர்டின் கடிகாரத்தையும் சேர்த்து அச்சிட்டுப் பார்த்தேன். 1970 ஜனவரி 1, நள்ளிரவு கடந்து பதினொரு நொடி. பேட்டரியோடு கூடிய கடிகாரம் எதுவும் இந்தப் போர்டில் இல்லை. மின்சாரம் போனால் காலமும் போய்விடும். வந்தால் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும், அந்தப் பூஜ்யம்தான் 1970. சேவையகம் நீட்டிய சான்றிதழோ, போர்டின் கணக்கில் இன்னும் அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் செல்லுபடியாகத் தொடங்கும். போர்டு நியாயமாகத்தான் நிராகரித்தது. நேரச் சேவையகத்திடம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் வரி என் நிரலில் இருந்தது. ஆனால் கேட்டதும் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. ரீசெட்டில் சில சமயம் சரியானதற்கும் காரணம் அதுதான்: பொத்தானை அழுத்தும் நேரத்தில் ரவுட்டரும் இணையமும் முழுதாக எழுந்திருக்கும், நேரச் சேவையகத்தின் பதில் சில சமயம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

இப்போது என் நிரலில் "இணைந்தது" என்பது ஒரே நிலை அல்ல. ரேடியோ இணைந்தது, முகவரி கிடைத்தது, நேரம் தெரிந்தது, சேவையகம் ஏற்றுக்கொண்டது என்று நான்கு படிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணிக்கையில் விளக்கு மின்னும். நேரம் தெரியாதபோது எடுத்த அளவுகளில், தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பதை மட்டும் எழுதிவைக்கும்; நேரம் தெரிந்ததும் பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேதி போட்டுக்கொள்ளும். இதை எழுதிய மாலையில்தான், இந்த ஒரு வருடத்தில் முதல் முறையாக, அந்த டப்பாவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

போன வாரம் இரவில் மின்சாரம் போயிருக்கிறது. காலையில் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. தொடக்கக் காரணம் 1. பிறகு வரிசையாக ஆறு 201, ரவுட்டர் எழுந்துகொண்டிருந்த நேரம். ஏழாவது முயற்சியில் இணைப்பு. ஒரு அளவுகூட விடுபடவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. புதிய நிரலை ஏற்றி ரீசெட் ஆகும்போதெல்லாம் முதல் முயற்சி 2 என்ற எண்ணோடு தோற்கிறது. இரண்டாவது முயற்சியில் இணைகிறது. போர்டு சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது ரவுட்டருக்குத் தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, புதிதாக வந்து நிற்பவரை ஒரு கணம் சந்தேகப்படுகிறது என்பது என் அனுமானம். ரீசெட்டுக்கு முன் முறையாகத் துண்டித்துக்கொண்டு கிளம்பினால் அந்த 2 வருவதில்லை என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் நிரல் ஏற்றும் கருவி போர்டிடம் விடைபெற நேரம் தருவதில்லை. ஒரு நொடி நஷ்டம். சார் அதையும் துருவச் சொல்கிறார். நான் அந்த 2ஐ அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.